மருத்துவமனைப் பணியாளரின் மனச்சோர்வும் தூக்கக் கோளாறும்: மதிப்பீடு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனையில் ஷிஃப்ட் முறையில் வேலை செய்யும் செவிலியர், பயிற்சி மருத்துவர், ஆய்வகப் பணியாளர், வார்டு உதவியாளர் எனப் பலரும் மனநல ஆலோசனைக்கு வரும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்களை மதிப்பிடும் இளம் மருத்துவர்களும் அதே இடங்களில்தான் தடுமாறுகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

நைட் டியூட்டி பார்த்தால் தூக்கம் கெடத்தானே செய்யும்? அதைப் போய் ஏன் நோயாகப் பார்க்க வேண்டும்?

கெடும் என்பது உண்மைதான். உடலின் உட்கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. இரவு முழுவதும் விழித்திருந்துவிட்டுக் காலையில் படுப்பவரின் உடல் வெப்பநிலையும் ஹார்மோன்களும் விழிப்பை நோக்கி ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் அவர் தூங்க முயல்கிறார். எனவே பகல் தூக்கம் குறைவாகவும் மேலோட்டமாகவும் இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே.

ஆனால் "சகஜம்தானே" என்ற சொல் இரண்டு வேறு நிலைகளை ஒன்றாக்கிவிடுகிறது. தூங்குவதற்கு நேரமே கிடைக்காதது ஒன்று. நேரமும் இருட்டறையும் அமைதியும் கிடைத்தும் தூக்கம் வராதது மற்றொன்று. முன்னது தூக்கப் பற்றாக்குறை. பின்னது வாரத்தில் குறைந்தது 3 நாட்கள் என்ற அளவில் 3 மாதங்கள் நீடித்து, விழித்திருக்கும் நேரத்தையும் பாதித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. இவை தவிர, ஷிஃப்ட் நேரத்தோடு ஒட்டியே வரும் தூக்கமின்மையும் வேலை நேரத்துத் தூக்கக் கலக்கமும் 3 மாதங்களுக்குக் குறையாமல் தொடர்ந்தால் அதை ஷிஃப்ட் பணித் தூக்கக் கோளாறு என்று தனியாக வகைப்படுத்துகிறார்கள். மூன்றுக்கும் சிகிச்சை வெவ்வேறு என்பதால்தான் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இது வெறும் களைப்பா, பர்ன் அவுட்டா, டிப்ரஷனா? எனக்கு எல்லாம் ஒன்றாகவே தெரிகிறது.

உள்ளிருந்து பார்த்தால் ஒன்றாகத்தான் தெரியும். பர்ன் அவுட்டை உலக சுகாதார நிறுவனம் தன் 11-ஆவது நோய் வகைப்பாட்டில் நோயாகச் சேர்க்கவில்லை; பணியிடத்தோடு தொடர்புடைய நிகழ்வாகவே குறிப்பிடுகிறது. அதற்கு மூன்று முகங்கள் சொல்லப்படுகின்றன: ஆற்றல் வற்றிப்போவது, வேலையின் மீது மனவிலகலும் கசப்பும் வருவது, தன் வேலைத்திறன் குறைந்துவிட்டதாக உணர்வது. மூன்றும் வேலையைச் சுற்றியே நிற்கின்றன.

மனச்சோர்வு அப்படி வார்டு வாசலோடு நிற்பதில்லை. பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, குறைந்தது 2 வாரங்களுக்கு மனம் தாழ்ந்திருப்பது அல்லது எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போவது இதன் மையம். இவ்விரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும். தூக்கம், பசி, களைப்பு, கவனக் குறைவு, குற்ற உணர்வு, உடல் மந்தம் அல்லது பதற்றம், சாவு பற்றிய எண்ணம் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் ஒன்பதில் ஐந்தாவது இருந்து, அன்றாட வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். நான் வழக்கமாகக் கேட்கும் கேள்வி, விடுமுறையில் உங்களுக்குப் பிடித்த எதையாவது செய்தபோது அது பிடித்ததா என்பதுதான். "அதற்கு எனக்குத் தெம்பில்லை" என்பவரும் "தெம்பிருந்தும் அது எனக்கு ஒன்றுமாகவே படவில்லை" என்பவரும் வெவ்வேறு விடைகளைச் சொல்கிறார்கள். இந்த ஒரு விடையை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்பதும், பர்ன் அவுட்டும் மனச்சோர்வும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கலாம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஒன்பது கேள்வித் தாளை நானே நிரப்பிப் பார்த்தேன். 11 வந்தது. எனக்கு டிப்ரஷன் என்று அர்த்தமா?

நீங்கள் நிரப்பியது பி.எச்.கியூ.-9 எனப்படும் வினாப்பட்டியல். கடந்த 2 வாரங்களைப் பற்றிய ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. மதிப்பெண் 5, 10, 15, 20 ஆகிய படிகளில் லேசானது, மிதமானது, ஓரளவு கடுமையானது, கடுமையானது என்று பிரிக்கப்படுகிறது. 10-உம் அதற்கு மேலும் வந்தால் முழுமையாக விசாரிக்க வேண்டும் என்பது வழக்கம். விசாரணையைத் தொடங்கச் சொல்லும் எண் அது. நோயை உறுதி செய்யும் எண்ணாக அதைக் கொள்ளக்கூடாது.

ஷிஃப்ட் பணியாளரிடம் இந்தத் தாளுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. ஒன்பதில் தூக்கம், களைப்பு, பசி, கவனம் ஆகிய நான்கும் இரவுப் பணியாலேயே ஏறக்கூடியவை. இரண்டு பேரை எண்ணிப் பாருங்கள். ஒருவர் தூக்கத்தில் 3, களைப்பில் 3, பசியில் 2, கவனத்தில் 2, தாழ்ந்த மனநிலையில் 1 என்று குறித்து 11 பெறுகிறார். மற்றவர் ஆர்வமின்மையில் 2, தாழ்ந்த மனநிலையில் 2, தூக்கத்தில் 2, களைப்பில் 1, தன்னைத் தோற்றுப்போனவராக உணர்வதில் 3, சாவு பற்றிய எண்ணத்தில் 1 என்று குறித்து அதே 11 பெறுகிறார். முதலாமவரிடம் பணிப்பட்டியலையும் தூக்கத்தையும் பற்றிப் பேசத் தொடங்கலாம். இரண்டாமவரிடம் கடைசியாகக் குறித்ததைப் பற்றி அன்றே பேசியாக வேண்டும். கூட்டுத்தொகையை மட்டும் கோப்பில் எழுதிவிட்டுத் தாளைத் தூக்கிப் போடும் பழக்கம் எனக்கு ஒருபோதும் ஒப்புதலாகவில்லை. ஒன்பது வரிகளையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த 2 வாரங்கள் என்பதும் முக்கியம். தொடர் இரவுப் பணி முடிந்த மறுநாள் நிரப்பிய தாளும் விடுப்பு முடிந்து நிரப்பிய தாளும் ஒன்றாக இருக்காது. தாளின் மூலையில் அந்த நாட்களின் ஷிஃப்ட்டைக் குறித்து வைத்தால் பின்னால் ஒப்பிட உதவும்.

தூக்கத்திற்கென்று தனித் தாள் இருக்கிறதா?

இருக்கிறது, ஒன்றுக்கு மேலேயே இருக்கிறது. தூக்கமின்மையின் கடுமையை அளக்க ஐ.எஸ்.ஐ. என்ற ஏழு கேள்விப் பட்டியல் பரவலாகப் பயன்படுகிறது. மொத்தம் 28, 8-க்குக் கீழே பொருட்படுத்த வேண்டியதில்லை, 15-இலிருந்து மிதமானது, 22-இலிருந்து கடுமையானது. சுருக்கமானது, சிகிச்சையில் மாற்றம் தெரிகிறதா என்று பார்க்கவும் ஏற்றது.

1989-இல் வெளிவந்த பிட்ஸ்பர்க் தூக்கத் தரப் பட்டியல் இன்னொன்று. 21-க்கு 5-ஐத் தாண்டினால் தூக்கத்தின் தரம் மோசம் என்று கொள்வார்கள். ஆனால் அது கடந்த ஒரு மாதத்தில் "வழக்கமாக" எத்தனை மணிக்குப் படுத்தீர்கள் என்று கேட்கிறது. ஒரே மாதத்தில் காலை, மாலை, இரவு என மூன்று ஷிஃப்ட்டும் பார்த்தவருக்கு வழக்கம் என்று எதைச் சொல்வது? அவர் ஏதோ ஒரு சராசரியை எழுதுவார். அந்த நேரத்தில் அவர் ஒரு நாள்கூடப் படுத்திருக்க மாட்டார். சுழற்சிப் பணியாளருக்கு இதைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் இரவுப் பணி நாட்களுக்கு ஒன்று, மற்ற நாட்களுக்கு ஒன்று எனத் தனித்தனியாகப் பேசித் தெரிந்துகொள்வதே மேல்.

தூக்கக் குறிப்பேடு எழுதச் சொன்னார்கள். என் நேரம் தினமும் மாறுகிறது, எப்படி எழுதுவது?

"இரவுத் தூக்கம்" என்ற தலைப்பை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு 24 மணி நேரத்திற்கும் ஒரு வரி. அதில் வேலை நேரம், படுத்த நேரம், தூங்கியதாகத் தோன்றும் நேரம், இடையில் விழித்தது, எழுந்தது, குட்டித் தூக்கம், காபி, மாத்திரை ஆகியவை இருந்தால் போதும். நல்ல குறிப்பு ஒன்று இப்படி இருக்கும்: "நைட் முடிந்து வெளியே வர 8.10. படுத்தது 9.30. தூங்கியது 10.15 போல. 12.40-க்கு போன் வந்தது, ரோஸ்டர் மாற்றம். அதன் பிறகு 2 மணி வரை அரைத் தூக்கம். மாலை 6 மணிக்கு 30 நிமிடம். அதிகாலை 4 மணிக்குக் காபி." இந்த ஒரு வரியிலேயே மூன்று விஷயங்கள் பிடிபடுகின்றன: போனை அணைக்கவில்லை, மொத்தத் தூக்கம் நான்கு மணி நேரம்கூட இல்லை, காபியில் உள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும் என்பதால் படுக்கும்போதும் அது உடலில் இருந்தது.

குறைந்தது 14 நாட்கள் எழுதுங்கள். அதில் ஒரு தொடர் இரவுப் பணியும் விடுமுறை நாட்களும் இடம்பெற வேண்டும். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டியதில்லை. அப்படிப் பார்ப்பதே தூக்கத்தைக் கலைக்கும். எழுந்த பிறகு தோராயமாகக் குறித்தால் போதுமானது.

லீவு நாளில் பத்து மணி நேரம் தூங்கிவிடுகிறேன். அப்படியானால் எனக்குப் பிரச்சினை இல்லைதானே?

தூங்கும் திறன் உங்களிடம் இருக்கிறது என்பதும் தூக்கக் கடன் சேர்ந்திருக்கிறது என்பதும் தெரிகிறது. வாய்ப்புக் கிடைத்ததும் தூக்கம் வந்து, சில நாட்களில் மனமும் தெளிந்துவிட்டால் முதல் கேள்வியில் சொன்ன தூக்கப் பற்றாக்குறைதான் முன்னிற்கிறது. பெரியவர்களுக்குப் பொதுவாக நாளொன்றுக்கு 7 மணி நேரமாவது தூக்கம் தேவை. அது வாரக்கணக்கில் கிடைக்காதபோது ஒரே நாளில் ஈடுகட்ட முடியாது என்பதால், ஒற்றை விடுமுறையை வைத்து முடிவெடுக்க மாட்டேன்.

பத்து மணி நேரம் தூங்கியும் எழும்போது பாரமாகவே இருக்கிறது, அடுத்தடுத்த விடுமுறைகளிலும் அப்படியே என்றால் கதை வேறு. அதிகத் தூக்கமும் மனச்சோர்வின் அறிகுறிதான். அல்லது அடுத்த கேள்வியில் வருவது காரணமாக இருக்கலாம்.

களைப்பாக இருக்கிறது என்று சொன்னால், "தூக்கம் வருகிறதா, களைப்பா" என்று திருப்பிக் கேட்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லையா?

இல்லை. உடலும் மனமும் ஓய்ந்திருந்தும் படுத்தால் தூக்கம் வராத நிலை களைப்பு. அது மனச்சோர்விலும் தூக்கமின்மையிலும் மிகுதி. உட்கார்ந்த இடத்தில் கண் சொக்குவது தூக்கக் கலக்கம். இதை அளக்க எப்வொர்த் அளவுகோல் உண்டு: எட்டுச் சூழ்நிலைகள், மொத்தம் 24; 10-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். தூக்கக் கலக்கத்தோடு உரத்த குறட்டை, மூச்சு நின்று நின்று வருவதாக அருகில் படுப்பவர் சொல்வது, காலைத் தலைவலி, உயர் ரத்த அழுத்தம், உடல் பருமன் ஆகியவை சேர்ந்தால் தூக்க மூச்சுத்தடையைத் தேடியாக வேண்டும். இது மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும். இதைப் பார்க்காமல் தூக்க மாத்திரை எழுதினால் சில வகை மாத்திரைகள் மூச்சுத்தடையை மோசமாக்கவும் கூடும்.

வாகனம் ஓட்டி வீடு திரும்புகிறீர்களா என்று கேட்காமல் எந்த மதிப்பீடும் முடியக்கூடாது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் நிலைக்கு ஒப்பாகச் சரிவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கடந்த மாதம் ஓட்டும்போது கண் மூடியதுண்டா என்று நேரடியாகக் கேளுங்கள். "உண்டு" என்றால் மற்ற தாள்கள் காத்திருக்கலாம், அன்றைய பயணத்திற்கு வழி செய்வதே முதல் வேலை.

மனப் பிரச்சினைக்கு ரத்தப் பரிசோதனை எதற்கு?

தைராய்டு குறைவும் ரத்தசோகையும் மனச்சோர்வைப் போல நடிக்கும். தைராய்டு மிகுந்தால் தூக்கம் போய்ப் பதற்றம் கூடும். ஆகவே தைராய்டு, ரத்த அணுக்கள், சர்க்கரை ஆகியவற்றையும் தேவைக்கேற்ப வைட்டமின் பி12-ஐயும் பார்ப்பது நியாயம். மாலையிலோ படுத்தவுடனோ கால்களை அசைத்தே ஆக வேண்டும் போன்ற தவிப்பு வருகிறதா, நடந்தால் அது தணிகிறதா என்றும் கேட்க வேண்டும். ஆம் எனில் இரும்புச்சத்தின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவு தேவை. சில மனச்சோர்வு மருந்துகள் இந்தக் கால் தவிப்பைக் கூட்டிவிடும் என்பதால் மருந்து தொடங்கும் முன்பே இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் ஏதும் எடுக்கிறாரா என்பதையும் விட்டுவிடக்கூடாது.

தூக்கம் வந்தால் மனம் சரியாகிவிடுமா, மனம் சரியானால் தூக்கம் வந்துவிடுமா? முதலில் எதற்கு வைத்தியம்?

தூக்கமின்மையை மனச்சோர்வின் வால் என்று எண்ணி, தலையைப் பிடித்தால் போதும் என்று நம்பிய காலம் இருந்தது. இப்போது அப்படிப் பார்ப்பதில்லை. மனச்சோர்வு இல்லாத நிலையில் தூக்கமின்மையோடு வாழ்பவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு என்று தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. மனச்சோர்வு தணிந்த பின்னும் தூக்கமின்மை மட்டும் தங்கிவிடுவதும், அப்படித் தங்கினால் மனச்சோர்வு திரும்ப வரும் அபாயம் கூடுவதும் தெரிந்தவையே. இரண்டும் இருந்தால் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்து, இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சையைத் தொடங்க வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சையாகப் பரிந்துரைக்கப்படுவது மாத்திரையன்று. தூக்கத்தைக் கெடுக்கும் எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும், தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. அதில் படுக்கையில் கிடக்கும் நேரத்தைக் குறைக்கும் பகுதியை இரவுப் பணியாளருக்கு அப்படியே பொருத்த முடியாது, ஏனெனில் தொடக்க வாரங்களில் தூக்கக் கலக்கம் கூடும். ஊசி மருந்து அளந்து போடுபவருக்கு அது ஆபத்து. பணிப்பட்டியலைப் பார்த்துத்தான் வேகத்தை நிர்ணயிக்க வேண்டும்.

எனக்கு இரண்டு மூன்று மணி நேரத் தூக்கமே போதும். அப்படியும் சுறுசுறுப்பாக இருக்கிறேன். பிறகு திடீரென்று விழுந்துவிடுகிறேன்.

இந்த விடையைக் கேட்டால் வேகத்தைக் குறைத்துக்கொண்டு விசாரிக்க வேண்டும். தூக்கம் வேண்டும், வரவில்லை, மறுநாள் துவண்டுவிடுகிறேன் என்பது தூக்கமின்மை. தூக்கமே தேவைப்படவில்லை, ஆனாலும் ஆற்றல் பொங்குகிறது, பேச்சும் எண்ணமும் ஓடுகின்றன, செலவோ துணிச்சலோ எரிச்சலோ வழக்கத்தை மீறுகின்றன என்றால், அந்நிலை தொடர்ந்து 4 நாட்களாவது இருந்ததா என்று பார்க்க வேண்டும். இருந்திருந்தால் அது, மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் மாறி மாறி வரும் இருதுருவக் கோளாறின் ஏறுமுகமாக இருக்கலாம்.

அவர் ஆலோசனைக்கு வருவது விழுந்து கிடக்கும் நாட்களில் என்பதால் பி.எச்.கியூ.-9 உயர்ந்தே நிற்கும். அதைப் பார்த்து மனச்சோர்வு மருந்தை மட்டும் தொடங்கினால் ஏறுமுகம் தூண்டப்படலாம். தூக்கம் இழப்பதே அதைத் தூண்டும் என்பதால் இவருக்கு இரவுப் பணி தனியே ஓர் அபாயம். வீட்டில் உடனிருப்பவரிடம், பணியாளரின் சம்மதத்தோடு, கேட்டுத் தெரிந்துகொள்வது இங்கே எந்தத் தாளையும் விடப் பயன்படும்.

மாத்திரை வார்டிலேயே கிடைக்கிறது. அவ்வப்போது ஒரு அல்பிரசோலம் போட்டுக்கொள்கிறேன். இதையும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும், எத்தனை மில்லிகிராம், வாரத்தில் எத்தனை நாள், எப்போதிலிருந்து என்பது வரை. பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் வரவைக்கும் இவ்வகை மாத்திரைகள் பழக்கமாகி, நிறுத்தும் நாளில் தூக்கம் முன்னிலும் மோசமாகக் கெடும். அதை நோயின் கடுமை என்று தவறாக எண்ணி அளவைக் கூட்டுவார்கள். பல வாரங்கள் தொடர்ந்து எடுத்திருந்தால் திடீரென்று நிறுத்தக்கூடாது, மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மதுவும் அப்படியே: சீக்கிரம் தூங்க வைத்துவிட்டுத் தூக்கத்தின் பின்பாதியைச் சிதறடிக்கும். விசாரிப்பவர் இதைக் குற்ற விசாரணைபோலக் கேட்டால் உண்மை வராது. "தூங்குவதற்கு என்னென்ன முயன்று பார்த்தீர்கள்?" என்று தொடங்கினால் பெரும்பாலும் வந்துவிடும்.

பி.எச்.கியூ.-9 தாளின் ஒன்பதாவது கேள்வியில் உண்மையைக் குறித்தால் வேலை போய்விடாதா? அதனால் 0 போட்டுவிட்டேன்.

நீங்கள் ஒருவர் மட்டும் அப்படிச் செய்யவில்லை. செத்துவிட்டால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது அந்தக் கேள்வி. மருத்துவமனைப் பணியாளருக்குத் தாள் எந்தக் கோப்புக்குப் போகும் என்று நன்றாகவே தெரியும். ஆகையால் 0 என்பதை அப்படியே நம்பிவிடாமல், நேரில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது. வாழப் பிடிக்கவில்லை என்ற அளவிலா, உயிரை விடும் எண்ணமா, வழி யோசித்ததுண்டா, செயல்படுத்தும் நோக்கம் உண்டா, முன்பு முயன்றதுண்டா என்று படிப்படியாகப் போக வேண்டும். மருந்துகள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதால், யாரிடம் மருந்து அலமாரிச் சாவி இருக்கிறது என்பதும் இந்த மதிப்பீட்டின் பகுதி.

பேச்சு தொடங்கும் முன்பே ரகசியத்தின் எல்லையை மருத்துவர் சொல்லிவிட வேண்டும்: இங்கே பேசுவது வெளியே போகாது, உயிருக்கு உடனடி ஆபத்து இருந்தால் மட்டும் காப்பாற்றத் தேவையானவர்களுக்குத் தெரிவிப்பேன். எண்ணம் வந்துபோவதற்கும் திட்டம் இருப்பதற்கும் நடவடிக்கை வேறு. திட்டமோ, தன்னைக் கட்டுப்படுத்த முடியாது என்ற அச்சமோ இருந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றே அவசர மனநலச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இதைப் படிக்கும் நீங்களே அந்த நிலையில் இருந்தால், அருகில் இருப்பவரை இப்போதே கூப்பிடுங்கள். அவசர உதவி எண்ணை அழையுங்கள்.

எங்கள் டிபார்ட்மெண்ட் டாக்டரிடமே காட்டிக்கொள்ளலாமா? தெரிந்தவர், நல்லவர்.

காய்ச்சலுக்குச் சரி, இதற்கு வேண்டாம். நாளை காலை உங்கள் வேலையை மேற்பார்வையிடுபவரிடம் முந்தைய கேள்விக்கான உண்மையை உங்களால் சொல்ல முடியாது, அவராலும் கேட்க முடியாது. நடைபாதையில் நின்றபடி எழுதி வாங்கும் மாத்திரைக்குப் பின்தொடர்தலும் கிடையாது.

மாத்திரை ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. 16 இருந்தது 11 ஆகியிருக்கிறது. போதுமா?

போகும் திசை சரி. பி.எச்.கியூ.-9-இல் 5 புள்ளிகள் குறைவதைப் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் என்பார்கள். பாதியாகக் குறைந்தால் சிகிச்சைக்குப் பலன், 5-க்குக் கீழே வந்தால் நோய் தணிவு. மனச்சோர்வு மருந்துகளின் பலன் தெரியவே சில வாரங்கள் ஆகும். ஆனால் எந்த வரிகள் குறைந்தன என்று மூன்றாம் கேள்வியில் சொன்னபடி பாருங்கள். இந்த மூன்று வாரமும் இரவுப் பணி இல்லாமல் இருந்ததா என்றும் பாருங்கள். ஷிஃப்ட் மாறியதால் வந்த இறக்கத்தை மருந்தின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. அடுத்த தொடர் இரவுப் பணிக்குப் பின் ஒருமுறை நிரப்பினால் உண்மை தெரியும்.

பிரச்சினை ரோஸ்டரில் இருக்கிறது. அதை விட்டுவிட்டு என்னை ஏன் அளக்கிறீர்கள்?

கோபம் நியாயமானது. ஆள் பற்றாக்குறையையும் அடுத்தடுத்த ஷிஃப்ட்டுகளையும் மாத்திரையால் சரிசெய்ய முடியாது. அப்படிச் சரிசெய்ய முயலும் மதிப்பீடு அரைகுறையானது. எனவே ஒரு மாதத்தில் எத்தனை இரவுகள், தொடர்ச்சியாக எத்தனை, இரண்டு பணிகளுக்கு நடுவே 11 மணி நேரத்திற்கும் குறைவான இடைவெளி எத்தனை முறை, விடுமுறையில் திரும்ப அழைத்தது எத்தனை முறை என்பவற்றை நோய் அறிகுறிகளுக்குக் கொடுக்கும் அதே கவனத்தோடு எழுதிவைக்க வேண்டும்.

அதே நேரத்தில், காரணம் வெளியே இருப்பதாலேயே உள்ளே வந்த நோய் இல்லையென்றாகிவிடாது. ரோஸ்டர் மாறும் வரை மனச்சோர்வு காத்திருக்காது. நிர்வாகத்திற்குக் கடிதம் தேவைப்பட்டால், பணியாளரின் சம்மதம் இல்லாமல் நோயின் பெயரை அதில் எழுத வேண்டியதில்லை. வேலையில் என்ன மாற்றம் வேண்டும் என்பதை மட்டும் எழுதினால் பெரும்பாலும் போதும். "8 வாரங்களுக்கு இரவுப் பணி தவிர்க்கப்பட வேண்டும், இரு பணிகளுக்கிடையே குறைந்தது 11 மணி நேர இடைவெளி வேண்டும், 8 வாரங்களின் முடிவில் மறுமதிப்பீடு செய்யப்படும்" என்று நாள் குறித்து எழுதிய கடிதத்தின்படி ரோஸ்டர் போடுபவர் உடனே திட்டமிடலாம். "இலகுவான பணி வழங்கவும்" என்று எழுதி அனுப்பினால் அதை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது.